திபேரியஸ்: ரோமின் இரண்டாம் பேரரசர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோவும் காலிகுலாவும் பெயரளவிலாவது எல்லோருக்கும் தெரிந்தவர்கள். திபேரியஸை மட்டும் "தீவில் கூத்தடித்த கிழவர்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கஜானாவை நிரப்பி வைத்துவிட்டுப் போன ஒருவர் செத்ததற்கு ஊரே ஏன் கொண்டாடியது என்பது அந்த வரிக்குள் அடங்காது.

திபேரியஸ் யார்? எப்போது ஆண்டார்?

அகஸ்டஸுக்குப் பின் வந்த ரோமப் பேரரசர். கி.மு. 42 நவம்பர் 16-இல் பிறந்தவர். கி.பி. 14 முதல் 37 வரை, சுமார் இருபத்திரண்டரை ஆண்டுகள் ஆண்டார். பதவிக்கு வரும்போது வயது 54. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இவர் 'திபேரியு இராயன்'. லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் இவருடைய ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டைக் கணக்குச் சொல்லித்தான் ஆரம்பிக்கும்.

அகஸ்டஸின் சொந்த மகனா?

இல்லை, மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளை. அதுவும் எதிரி வீட்டுப் பிள்ளை. பெற்ற தகப்பன் உள்நாட்டுப் போரில் அகஸ்டஸுக்கு (அப்போது அவர் பெயர் ஆக்டேவியன்) எதிரணியில் நின்று தோற்றவர். மனைவி லிவியாவையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு சிசிலி, கிரேக்கம் என்று ஓடினார். ஸ்பார்ட்டாவை விட்டு இரவோடு இரவாகத் தப்பும்போது காட்டுத்தீ சூழ்ந்துகொள்ள, லிவியாவின் ஆடையும் கூந்தலும் கருகின என்று ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். மன்னிப்புக் கிடைத்து ரோமுக்குத் திரும்பினால், யாருக்குப் பயந்து ஓடினார்களோ அவரே லிவியாவை விரும்பினார். கி.மு. 38-இல், வயிற்றில் இரண்டாவது பிள்ளையோடு லிவியா ஆக்டேவியனை மணந்தாள்.

வாரிசு வரிசையில் திபேரியஸ் வெகு பின்னால் இருந்தவர். அகஸ்டஸ் முதலில் மருமகன் மார்செல்லஸை நினைத்தார், அவர் இறந்தார். பிறகு தளபதி அக்ரிப்பா, அவரும் இறந்தார். பிறகு மகள் வயிற்றுப் பேரன்கள் கையஸ், லூசியஸ். இருவரும் இளவயதிலேயே போனார்கள். கடைசியில் கி.பி. 4-இல், 44 வயது திபேரியஸைத் தத்தெடுத்தார். "நாட்டின் நலனுக்காக இதைச் செய்கிறேன்" என்று சொல்லித் தத்தெடுத்தார். பாராட்டா, வேறு வழியில்லை என்ற சலிப்பா? கேட்டுக்கொண்டு நின்றவருக்கே தெரிந்திருக்காது.

முதல் மனைவியைக் கட்டாயப்படுத்திப் பிரித்தார்களாமே?

ஆமாம். முதல் மனைவி விப்சானியா, அக்ரிப்பாவின் மகள். மனமொத்த வாழ்க்கை, ஒரு மகன், அடுத்த பிள்ளையும் வயிற்றில். அந்த நேரத்தில் அக்ரிப்பா இறக்க, விதவையான தன் மகள் ஜூலியாவைத் திபேரியஸுக்குக் கட்டிவைக்க அகஸ்டஸ் முடிவு செய்தார். கி.மு. 11-இல் விவாகரத்து, உடனே மறுமணம். பின்னொரு நாள் விப்சானியாவைத் தெருவில் பார்த்துவிட்ட திபேரியஸ் கண்ணீரோடு அவள் பின்னாலேயே நடந்தாராம். அதன்பின் இருவரும் எதிர்ப்படாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜூலியாவோடு இருந்த வாழ்க்கை சில ஆண்டுகளிலேயே கசந்தது.

விப்சானியாவை அடுத்து மணந்தவர் அசினியஸ் கால்லஸ் என்ற செனட் (ரோமின் ஆட்சி மன்றம்) உறுப்பினர். அவர் பின்னால் மறுபடி வருவார்.

போர்க்களத்தில் எப்படி?

முதல் தரம். ஆல்ப்ஸ், டான்யூப், ரைன் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் களத்தில் இருந்தவர். கி.பி. 6-இல் பன்னோனியாவில் மூண்ட பெருங்கலகத்தை மூன்று ஆண்டுகளில் அடக்கினார். அது முடிந்த கையோடு ஜெர்மானியக் காட்டில் தளபதி வாருஸ் மூன்று லீஜியன் படைகளைப் பறிகொடுக்க, ரைன் எல்லையை நிலைநிறுத்தவும் இவரைத்தான் அனுப்பினார்கள். தம்பி துரூசஸ் கி.மு. 9-இல் ஜெர்மானியாவில் சாகக்கிடந்தபோது, ஒரு பகலும் இரவுமாக 200 ரோமன் மைல் விரைந்து போய்ச் சேர்ந்தார். பிறகு உடலுக்கு முன்னால் ரோம் வரை நடந்தே வந்தார்.

இடையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போனது ஏன்?

கி.மு. 6-இல், 35 வயதில், அகஸ்டஸுக்கு அடுத்த நிலை அதிகாரம் கைக்கு வந்த நேரத்தில் "களைத்துவிட்டேன்" என்று கிளம்பிவிட்டார். லிவியா கெஞ்சினாள், அகஸ்டஸ் செனட்டிலேயே புலம்பினார். இவர் நான்கு நாள் சாப்பிடாமல் இருந்து அனுமதி வாங்கினார். ஜூலியாவைச் சகிக்க முடியவில்லை, வளர்ந்துவரும் கையஸ், லூசியஸுக்கு வழிவிட்டார் என்று இரண்டு காரணங்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் வாயைத் திறந்து எதையும் சொல்லவில்லை. கேட்டதை மறுக்க மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார். பேசாமல் எழுந்து போவார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி வாழ்க்கை பாதி புரிந்துவிடும். திரும்பிவர நினைத்தபோது அகஸ்டஸ் விடவில்லை. கி.பி. 2 வரை அங்கேயே கிடந்தார்.

பதவி வேண்டாம் என்று நடித்தாரா?

கி.பி. 14 ஆகஸ்ட் 19-இல் அகஸ்டஸ் நோலாவில் இறந்தார். திபேரியஸ் அன்றே மெய்க்காவல் படைக்கு அடையாளச் சொல் கொடுத்தார், எல்லைப் படைகளுக்குக் கடிதம் போட்டார். ஆட்சி கைக்கு வந்துவிட்டது. ஆனால் செப்டம்பர் 17-இல் செனட் கூடியபோது, இவ்வளவு பெரிய சுமையைத் தாங்க என்னால் ஆகாது, ஏதாவது ஒரு பகுதியைக் கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

உடனே அசினியஸ் கால்லஸ் எழுந்து, "சீசர், எந்தப் பகுதியை உங்களுக்குத் தரலாம் என்கிறீர்கள்?" என்று கேட்டார். திபேரியஸ் சற்று நேரம் வாயடைத்துப்போனார். முழுவதையும் வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவன் அதில் ஒரு பங்கைப் பொறுக்குவது முறையல்ல என்று பிறகு சமாளித்தார். இன்னொருவர், மற்றவர்கள் வாக்குக் கொடுத்ததைச் செய்யத் தாமதிக்கிறார்கள், நீங்களோ செய்துகொண்டிருப்பதற்கு வாக்குக் கொடுக்கத் தாமதிக்கிறீர்கள் என்று குத்தினார். ஹாட்டேரியஸ் என்ற செனட்டர் மன்னிப்புக் கேட்கப் போய் காலைக் கட்டிக்கொள்ள, பேரரசர் தடுக்கி விழுந்தார். காவலர்கள் ஹாட்டேரியஸை அங்கேயே வெட்டப் பார்த்தார்கள்.

நடிப்பா என்றால், பாதி நடிப்பு. 'நான் அரசன் அல்ல, முதல் குடிமகன்' என்ற நாடகத்தை அகஸ்டஸ் ரசித்து ஆடினார். எதிரில் இருப்பவர்களுக்கும் வசனம் தெரிந்திருந்தது. திபேரியஸுக்கு அந்தக் கலை வராது. மனதில் ஒன்று, வாயில் பாதி, முகத்தில் ஒன்றுமில்லை. செனட் என்ன செய்யும்? அவர் நினைப்பதை ஊகித்து முந்திக்கொண்டு கைதட்டியது. அதைப் பார்த்து அவருக்கு அருவருப்பு. செனட்டை விட்டு வெளியே வரும்போதெல்லாம் "அடிமையாவதற்கென்றே பிறந்தவர்கள்" என்று கிரேக்கத்தில் முணுமுணுப்பாராம். அவர்களை அப்படி ஆக்கியதில் தன் பங்கும் உண்டு என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

நிர்வாகம் எப்படி இருந்தது?

இங்கேதான் அவருக்கு நியாயம் செய்யவேண்டும். முதல் ஒன்பது ஆண்டுகளை, அவரைத் துளியும் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே பாராட்டுகிறார். வரியைக் கூட்டச் சொன்ன ஆளுநர்களுக்கு, நல்ல மேய்ப்பன் ஆட்டின் ரோமத்தைக் கத்தரிப்பான், தோலை உரிக்க மாட்டான் என்று பதில் போனது. தனக்குக் கோயில் கட்டக் கேட்ட ஸ்பெயின்காரர்களுக்கு, நான் சாகப்பிறந்த மனிதன் என்றார். ஒரு மாதத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்று செனட் குழைந்தபோது, "பதின்மூன்று சீசர்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த வறட்டு நகைச்சுவைதான்.

கி.பி. 17-இல் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் சரிந்தன. மிக மோசமாக அடிபட்ட சார்டிஸ் நகருக்கு 1 கோடி செஸ்டர்ஸ் நிதியும் ஐந்தாண்டு வரிவிலக்கும் கொடுத்தார். ஒரு சாதாரண ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்பதோடு ஒப்பிட்டால் தொகையின் அளவு புரியும்.

கி.பி. 33-இன் கடன் நெருக்கடியைப் பொருளாதாரம் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தும் பழைய சட்டமொன்றைத் தூசுதட்டி எடுத்து, கணக்கைச் சரிசெய்யப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனைத் திருப்பிக் கேட்க, வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தை விற்க வந்தார்கள். நிலத்தின் விலை சரிந்தது, பணப்புழக்கம் நின்றது. திபேரியஸ் 10 கோடி செஸ்டர்ஸைப் பொது நிதியாக ஒதுக்கினார். கடனுக்கு இரண்டு மடங்கு மதிப்புள்ள நிலத்தை ஈடு காட்டினால் மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன். சந்தை மெல்ல எழுந்தது.

மறுபக்கம், ரோம் ஜனங்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை. கிளாடியேட்டர் காட்சிகளுக்குக் காசு செலவழிக்க மாட்டார், பெரிய கட்டடம் கட்டமாட்டார், கூட்டத்தில் சிரிக்கமாட்டார். எல்லையை விரிக்கும் போர்களும் கிடையாது. இறக்கும்போது கஜானாவில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்ததாக சூட்டோனியஸ் கணக்கு.

ஜெர்மானிக்கஸை விஷம் வைத்துக் கொன்றது இவரா?

ஆதாரம் இல்லை. தம்பி மகனும் தத்துப்பிள்ளையுமான ஜெர்மானிக்கஸ் மக்களின் செல்லப்பிள்ளை. கி.பி. 19 அக்டோபர் 10-இல் அந்தியோக்கியாவில் இறந்தார். அங்கே ஆளுநராக இருந்த பீசோவுக்கும் அவருக்கும் ஏற்கெனவே தகராறு. விஷக் குற்றச்சாட்டு மட்டும் விசாரணையில் நிற்கவில்லை என்று டாசிட்டஸே ஒப்புக்கொள்கிறார். வழக்கு முடியும் முன் பீசோ கழுத்தை அறுத்துக்கொண்டார். அந்த வழக்கில் செனட் போட்ட தீர்மானம், வெண்கலத் தகட்டில் பொறித்தபடி, 1980-களில் ஸ்பெயினில் கிடைத்தது. பேரரசர் குடும்பத்துக்கு வரிக்கு வரி புகழ்ச்சி. செனட் எந்த அளவு வளைந்திருந்தது என்று டாசிட்டஸின் கண்ணாடி இல்லாமலே அதில் பார்க்கலாம்.

செஜானஸ் யார்?

மெய்க்காவல் படையின் தலைவன். நகரெங்கும் சிதறியிருந்த படைப்பிரிவுகளை ரோமின் விளிம்பில் ஒரே முகாமில் குவித்தவன் இவன்தான். பேரரசர் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள். கி.பி. 23-இல் திபேரியஸின் மகன் துரூசஸ் இறந்தான். நோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 26-இல் ஸ்பெர்லோங்கா குகை மாளிகையில் விருந்து நடக்கையில் பாறை சரிந்தபோது, செஜானஸ் தன் உடலையே கவசமாக்கிப் பேரரசரைக் காத்தான். பிறகு அவன்மேல் என்ன சந்தேகம் வரும்?

அதே காலத்தில் திபேரியஸ் ரோமை விட்டு வெளியேறி, 27-இல் காப்ரித் தீவில் குடியேறினார். சாகும்வரை நகருக்குள் கால் வைக்கவில்லை. போகிற கடிதமும் வருகிற கடிதமும் செஜானஸின் ஆட்கள் வழியாக. ஜெர்மானிக்கஸின் மனைவி அக்ரிப்பினாவும் மூத்த மகன்கள் இருவரும் நாடுகடத்தலுக்கும் சிறைக்கும் போனார்கள்; மூவரும் அதிலேயே மடிந்தார்கள்.

திபேரியஸுக்கு எப்போது சந்தேகம் தட்டியதோ, வெளியே காட்டவில்லை. கி.பி. 31-இல் செஜானஸைத் தன்னோடு கான்சலாகவே (செனட்டுக்குத் தலைமை தாங்கும் உயர்பதவி) ஆக்கினார். அக்டோபர் 18 விடியற்காலையில் மாக்ரோ என்ற அதிகாரி ஒரு கடிதத்தோடு பாலட்டைன் குன்றின் அப்போலோ கோயிலுக்கு வந்தார். உங்களுக்குப் பெரிய அதிகாரம் வழங்கும் கடிதம் என்று செஜானஸின் காதில் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே நின்ற மெய்க்காவலர்களை முகாமுக்குத் திருப்பினார். அவர்கள் இடத்தில் நகரக் காவல் படை வந்து நின்றது. தங்கள் தலைவன் இனி மாக்ரோதான் என்பது மெய்க்காவலர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

கடிதம் நீளமாகப் போனது. வேறு ஏதோ விஷயம், நடுவில் செஜானஸைப் பற்றிச் சின்னக் குறை, மறுபடி வேறு விஷயம், மறுபடி ஒரு குறை. பக்கத்தில் உட்கார்ந்து வாழ்த்தியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப்போனார்கள். கடைசியில் கைது. எழுந்திரு என்று கான்சல் அழைத்தபோது, தன்னை யாரும் ஏவிப் பழக்கமில்லாததால் செஜானஸுக்கு முதலில் உறைக்கவே இல்லை, "என்னையா கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டான். அன்று மாலையே கொன்றார்கள். உடலை மூன்று நாள் ஜனங்கள் சிதைத்து டைபர் ஆற்றில் எறிந்தார்கள். அவனுடைய சின்னக் குழந்தைகளையும் விடவில்லை. அவன் விட்டு விலகிய மனைவி அபிக்காட்டா, துரூசஸ் நோயால் சாகவில்லை, செஜானஸும் துரூசஸின் மனைவியும் சேர்ந்து விஷம் வைத்தார்கள் என்று பேரரசருக்கு எழுதிவிட்டுத் தற்கொலை செய்துகொண்டாள்.

ராஜதுரோக வழக்குகளில் எத்தனை பேர் செத்தார்கள்?

எண்ணிக்கையைவிட, அது வளர்ந்த விதம்தான் பயங்கரம். ஆரம்பத்தில் அகஸ்டஸின் தெய்வீகத்தை அவமதித்தான் என்று ஒருவன்மேல் வழக்கு வந்தபோது, தெய்வங்களுக்குச் செய்த குற்றத்தைத் தெய்வங்களே பார்த்துக்கொள்ளும் என்று திபேரியஸ் தள்ளிவிட்டார். ஆனால் காட்டிக்கொடுப்பவனுக்குக் குற்றவாளியின் சொத்தில் கால் பங்கு என்பது விதி; குற்றம் சாட்டப்பட்டவன் தீர்ப்புக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டால் அந்தப் பங்கு கிடையாது என்று ஆக்கச் செனட் யோசித்தபோது, கூடாது என்று வெளிப்படையாகவே நின்றார். வாழ்நாளில் அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசிய சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று என்பது அவருடைய துரதிர்ஷ்டம்.

கி.பி. 25-இல் கிரெமூட்டியஸ் கார்டஸ் என்ற வரலாற்றாசிரியர் சிக்கினார். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்து எழுதியதும் அவன் கூட்டாளி காசியஸை 'கடைசி ரோமன்' என்றதும்தான் குற்றம். அவர் பட்டினி கிடந்து உயிர்விட்டார், நூல்களை எரித்தார்கள். ஒளித்துவைத்த பிரதிகள் பின்னால் வெளிவந்தன. செஜானஸ் விழுந்த பிறகு, கி.பி. 33-இல், அவனோடு பழகிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களை மொத்தமாகக் கொல்ல உத்தரவு வந்தது. அசினியஸ் கால்லஸ் மூன்று ஆண்டு காவலில் கிடந்து, அதே ஆண்டு பட்டினியால் செத்தார்.

காப்ரித் தீவுக் கதைகள் உண்மையா?

அருவருப்பான கதைகள் பெரும்பாலும் சூட்டோனியஸ் தந்தவை. அவர் எழுதியது திபேரியஸ் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. தீவில் பேரரசரோடு இருந்தவர்கள் என்று பெயர் தெரிந்தவர்களோ ஒரு சட்ட அறிஞர், ஜோதிடர் திராசில்லஸ், கிரேக்கப் பண்டிதர்கள். புராணத்து டிராய் நகர அரசி ஹெக்யூபாவின் தாய் யார், கடல் மோகினிகள் பாடிய பாட்டு எது என்றெல்லாம் பண்டிதர்களைக் குடைந்துகொண்டிருப்பாராம். அந்தக் கதைகளை நான் நம்பவில்லை. ஊர் கண்ணில் படாமல் பத்தாண்டு ஒளிந்திருக்கும் ஆட்சியாளரைப் பற்றி ஊர் வேறென்ன பேசும்?

கொடூரம் வேறு விஷயம். செங்குத்தான பாறையேறி ஒரு மீனவன் பெரிய மீனைப் பரிசாகக் கொண்டுவந்தான். திடுக்கிட்ட கிழவர் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். நல்லவேளை, பிடித்த பெரிய நண்டைக் கொடுக்கவில்லை என்று மீனவன் சொல்லிவிட, நண்டையும் கொண்டுவந்து தேய்க்கச் சொன்னார். இதுவும் சூட்டோனியஸ் சொன்னதுதான். ஆனால் இந்தக் கதையில் அந்த மனிதரின் முகம் தெரிகிறது.

என்ன சாப்பிடுவார்?

வெள்ளரிக்காய், தினமும். சக்கரம் வைத்த பாத்திகளில் வளர்த்து வெயிலுக்கு உருட்டிக்கொண்டுபோவார்கள். குளிர்நாளில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளின் அடியில் வைப்பார்கள் என்று ரோம அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். இளமையில் குடியும் அதிகம். படைவீரர்கள் அவர் பெயரைத் திரித்துக் குடிகாரப் பட்டம் கட்டியிருந்தார்கள்.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது இவர் ஆட்சியில்தானே?

ஆமாம். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டில் பிலாத்துவின் பெயரும், திபேரியஸின் பெயரால் அவர் எழுப்பிய கட்டடமும் வருகின்றன. இந்த வழக்கு காப்ரி வரை போனதற்கு எந்தத் தடயமும் இல்லை. "இராயனுடையதை இராயனுக்கு" என்ற சம்பவத்தில் காட்டிய காசு பெரும்பாலும் இவருடைய வெள்ளி தினாரியஸாக இருக்கும்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமக் காசுகளுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவைதான் பெருவாரி. வெள்ளலூர், பூதிநத்தம் புதையல்கள் பெயர்பெற்றவை. ஒரு பக்கம் வாகை சூடிய தலை, மறுபக்கம் கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பெண், சுற்றி 'தலைமைப் பூசாரி' என்று பொருள்படும் எழுத்துகள். அந்தப் பெண் லிவியா என்பார்கள். அச்சடித்த இடம் இன்றைய பிரான்ஸின் லியோன். முன் கேள்வியில் சொன்ன அதே ரகக் காசு இது. சில காசுகளில் பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டிய கீறலும் இருக்கும்.

கி.பி. 22-இல் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் ரத்தினக் கற்களுக்காக நம் பணம் அந்நியரிடம் போகிறது என்று திபேரியஸ் சலித்துக்கொண்டார். படியூரில் பச்சைக்கல் தோண்டி, கொடுமணலில் கல் பட்டை தீட்டிக்கொண்டிருந்த ஊர் இது. ஒரு எச்சரிக்கை: அவர் முகம் இருப்பதால் அவர் காலத்திலேயே வந்தது என்று முடிவுகட்டக்கூடாது. நீரோ கி.பி. 64-இல் வெள்ளியின் தரத்தைக் குறைத்த பிறகு, பழைய நல்ல காசுகளைத் தேடிப் பொறுக்கி அனுப்பியிருக்கவும் வாய்ப்புண்டு.

எப்படி இறந்தார்?

கி.பி. 37 மார்ச் 16-இல், மிசேனத்தில், 77 வயதில். விடைபெறும் சாக்கில் மருத்துவர் கரிக்ளஸ் கையைப் பிடித்து நாடி பார்த்து, இரண்டு நாள் தாங்காது என்று மாக்ரோவிடம் சொன்னார். மூச்சு நின்றது என்று காலிகுலாவை வாழ்த்திக்கொண்டிருக்கையில் கிழவர் கண்விழித்துச் சாப்பாடு கேட்க, மாக்ரோ துணிகளைப் போட்டு அமுக்கச் சொன்னார் என்கிறார் டாசிட்டஸ். செய்தி கேட்ட ரோமில் "திபேரியஸை டைபரில் போடு" என்று கூச்சலிட்டார்கள். அகஸ்டஸைப் போல இவரைத் தெய்வமாக அறிவிக்கவில்லை.

காலிகுலாவை ஏன் வாரிசாக்கினார்?

தெளிவாக ஆக்கவே இல்லை. ஜெர்மானிக்கஸின் மிஞ்சிய மகன் காலிகுலாவையும், துரூசஸ் வழிப் பேரன் சிறுவன் கெமெல்லஸையும் சமபங்கு வாரிசு என்று உயில் எழுதிவிட்டு, ஆட்சி யாருக்கு என்பதைச் சொல்லாமலே போய்விட்டார். செனட் உயிலைச் செல்லாது என்றது. சில மாதங்களில் கெமெல்லஸைத் தற்கொலைக்குத் தள்ளினான் காலிகுலா. அவனை அரியணையில் ஏற்றிய மாக்ரோவுக்கும் கி.பி. 38-இல் அதே கதி. 270 கோடியும் ஓராண்டுக்குள் காலி.